நியூசிலாந்தில கேம்பர் வானில ஆறுதலா சுத்துறது: ரிட்டயர்டான ரெண்டு பேருக்கு ஒரு பதில்

சேர், உங்கட கேள்வியை ரெண்டு தரம் வாசிச்சிட்டுத்தான் எழுதுறன். நீங்களும் டீச்சரும் போன வருசம் பென்சனில வந்திட்டியள், உங்களுக்கு 64, அவவுக்கு 61, மகள் கிரைஸ்ட்சர்ச்சில இருக்கிறா, வாற பெப்ரவரியில போய் உள்ளுக்கே சமைச்சுப் படுக்கிற கேம்பர் வான் ஒண்டு வாடகைக்கு எடுத்து தென்தீவை 28 நாளில சுத்திப் பாக்க 23 இடத்துக்குப் பட்டியல் போட்டு வச்சிருக்கிறியள். செலவு எப்பிடி வரும், லைசன்ஸ் சரிவருமா, எங்கட வயசுக்கு இது ஏலுமா எண்டு மூண்டு கேள்வி. முதல் ரெண்டுக்கும் எங்கயும் பதில் எடுக்கலாம். ஆனா டீச்சருக்கு பிரெஷரும் சீனி வருத்தமும் இருக்கு, இன்சுலின் போடுறவ எண்டு கடைசி வரியில எழுதியிருக்கிறியள் பாருங்கோ, அதுதான் நீங்கள் கேட்ட உண்மையான கேள்வி எண்டு எனக்குப் பட்டுது. ஊரை விட்டு, டொக்டரை விட்டு, ஒரு வானுக்குள்ள ரெண்டு வயசான ஆக்கள் ஒரு மாசம் பயமில்லாம இருக்க ஏலுமா எண்டுறதுதான் அது.

ஏலும். நான் 33 வருசம் நர்ஸா வேலை செய்து, கடைசிப் பதினொரு வருசமும் திருகோணமலையில இருந்து ஓய்வு எடுத்தனான். என்ர மனுசன் இரிகேசனில, நீர்ப்பாசனத் திணைக்களத்தில இருந்தவர், இவரும் இன்சுலின் போடுறவர். நாங்கள் ரெண்டு பேரும் 2018 மார்ச், ஏப்ரலில அஞ்சு கிழமையும், 2024 பெப்ரவரி, மார்ச்சில ஏழு கிழமையும் தென்தீவில வானிலதான் திரிஞ்சனாங்கள். அதால தென்தீவைப் பற்றியும் மருந்து மாத்திரையைப் பற்றியும் நான் சொல்லுறதை நம்பி எடுக்கலாம். வடதீவில நான் ஓக்லாந்தில சொந்தக்கார வீட்டில நாலு நாள் நிண்டது மட்டுந்தான், அதைப்பற்றி என்னட்டக் கேக்காதேங்கோ. விசா ஏஜென்டும் நான் இல்லை. சட்டம் எண்டு வாறதை சட்டம் எண்டே சொல்லுறன், எங்கட ரெண்டு பேரின்ர உடம்பும் மனமும் சொன்னதை அப்பிடியே பிரிச்சுச் சொல்லுறன், ரெண்டையும் கலந்து எடுக்காதேங்கோ.

முதல்ல அந்த 23 இடம். சேர், அதில 14 இடத்தை வெட்டுங்கோ. நீங்கள் இங்க இருந்து கொழும்புக்கு 260 கிலோமீட்டர் சொச்சம் ஓடிப் பழகின ஆள், அங்க றோட்டும் நல்லது, 100 இல ஓடலாம், கிரைஸ்ட்சர்ச்சில இருந்து டெக்காப்போ ஏரிக்கு 230 கிலோமீட்டர் வரும், மூண்டு மணித்தியாலம் எண்டு போன் காட்டும், அதால ஒரு நாளைக்கு ரெண்டு இடம் எண்டு கணக்குப் போட்டிருக்கிறியள். ஆனா வானில இடம் மாறுறது எண்டால் ஓடுறது மட்டும் இல்லை. காலமை எழும்பி படுக்கையை மடிச்சு, கோப்பை கழுவி, ஒவ்வொரு அலுமாரிக் கதவும் பூட்டியிருக்கா எண்டு தட்டிப் பாத்து, காஸை மூடி, கரன்ட் வயரைக் கழட்டிச் சுருட்டி, அழுக்குத் தண்ணியைத் திறந்து விட்டு, டொயிலெட் கசட்டை, கழிவு சேருற பெட்டியை, இழுத்து எடுத்துக்கொண்டு போய் டம்ப் ஸ்டேசன் எண்டுற கழிவு ஊத்துற இடத்தில ஊத்திக் கழுவி, நல்ல தண்ணி நிரப்பி, வழியில சாமான் வாங்கி, போய்ச் சேர்ந்து, வானைச் சமதரையா நிப்பாட்டி, எல்லாத்தையும் திருப்பி விரிக்க வேணும். எங்களுக்கு அது ஓட்டத்தை விட ரெண்டரை மணித்தியாலம் கூட எடுத்தது. இருபத்தஞ்சு வயசுப் பிள்ளையள் முக்கால் மணித்தியாலத்தில செய்வினம். நாங்கள் அவை இல்லைத்தானே.

2018 இல எங்களுக்கும் இதே மாதிரி ஒரு பட்டியல் இருந்தது, இவர்தான் போட்டவர், இரிகேசன்காரர் எண்டபடியா கோடு கீறி, கிலோமீட்டர் எழுதி, கலர் பென்சிலால அடிச்சு, பாக்க அவ்வளவு வடிவா இருந்தது. ஒன்பதாம் நாள் மேற்குக் கரையில ஹொகிடிகாவுக்குப் போய்ச் சேரேக்க பின்னேரம் ஆறரை. மூண்டு நாளா விடாத மழை. உடுப்பெல்லாம் ஈரம், வானுக்குள்ள ஈரத் துவாய் மணம், யன்னல் கண்ணாடியில உள்பக்கமா தண்ணி வடியுது, இவற்ற சீனி 280 காட்டுது, நான் பருப்பைச் சட்டியில போட்டுட்டு அதுக்கு முன்னால நிண்டு அழத் தொடங்கிட்டன். நாளைக்கு நான் வரமாட்டன், நீங்கள் வேணுமெண்டால் போங்கோ எண்டு சொன்னன். இவர் ஒண்டும் கதைக்கேல்லை. கொஞ்ச நேரத்தால எழும்பி ஒபிசுக்குப் போய் இன்னும் மூண்டு இரவுக்குக் காசு கட்டிட்டு வந்தார். அடுத்த நாள் மழை விட்டிட்டுது. பக்கத்தில ஒரு கரவனில எழுபது தாண்டின அந்த ஊர் சோடி ஒண்டு, பதினொரு நாளா அதே இடத்தில நிக்கினமாம், எங்கட ஈர உடுப்பைப் பாத்திட்டு தங்கட கயிறையும் கிளிப்பையும் கொண்டு வந்து தந்தவை. பின்னேரம் கடற்கரைக்குப் போனனாங்கள். ஆறு அடிச்சுக் கொண்டு வந்த மரக்கட்டையள் அந்தக் கரை முழுக்க எலும்பு மாதிரி வெளுத்துப் போய்க் கிடக்கும், அதில ஒண்டில இருந்து சூரியன் கடலுக்குள்ள இறங்குறதைப் பாத்தம். எங்கட உப்புவெளியில கடலுக்கு மேல சூரியன் எழும்பித்தானே பாத்திருக்கிறம், இறங்கிறதைக் காணுறது புதுசா இருந்தது. அந்த மூண்டு நாள்தான் அந்தப் பயணத்தில எனக்கு இண்டைக்கும் முழுசா ஞாபகம் இருக்கிற நாள்.

அதால எங்கட கணக்கு இப்ப கிலோமீட்டரில இல்லை, இரவில. ஏலுமான வரைக்கும் ஒரு இடத்தில மூண்டு இரவு. மாறுற நாளில ரெண்டரை, மூண்டு மணித்தியாலத்துக்கு மேல ஓடுறேல்லை, பின்னேரம் மூண்டு மணிக்கு முதல் நிப்பாட்டிப் போடுறது. உங்கட 28 இரவை நான் இப்பிடிப் பிரிப்பன்: முதல் மூண்டு இரவு மகள் வீட்டில, ஏனெண்டால் பெப்ரவரியில அங்கத்தைய நேரம் எங்களை விட ஏழரை மணித்தியாலம் முன்னுக்கு, இறங்கின அண்டைக்கே வானை எடுத்துக்கொண்டு றோட்டில இறங்குறது ஆபத்து. பிறகு டெக்காப்போவில மூண்டு, அவோராக்கி மலை அடிவாரத்தில ரெண்டு, ஓமாருவில மூண்டு, டனிடினில மூண்டு, டெ அனாவில நாலு, வனாக்காவில மூண்டு, ஃபொக்ஸ் பக்கம் வழியில ஒண்டு, ஹொகிடிகாவில மூண்டு, ஆர்தர்ஸ் பாஸ் மலையால ஏறித் திரும்பி வந்து மகளோட கடைசி மூண்டு. இதிலயும் டனிடினில இருந்து டெ அனா, வனாக்காவில இருந்து ஃபொக்ஸ், ஹொகிடிகாவில இருந்து கிரைஸ்ட்சர்ச் எண்டு மூண்டு நீட்டு ஓட்டம் வருது. அந்த நாளையில வேற ஒண்டும் வைக்காதேங்கோ, விடிய வெளிக்கிட்டு நடுவில ஒரு ஊரில சாப்பிட்டுப் படுத்து எழும்பிப் போங்கோ.

மில்ஃபோர்ட் சவுண்டுக்கு வானில போக வேண்டாம் எண்டு சொல்லுவன், இது என்ர அபிப்பிராயம். டெ அனாவில இருந்து ஒரு பக்கம் 120 கிலோமீட்டர், மலைப்பாதை, ஹோமர் சுரங்கம் ஒண்டு 1.2 கிலோமீட்டர் நீளத்துக்கு, நடுவில போன் சிக்னலும் இல்லை. வானை டெ அனாவில விட்டிட்டு, படகுப் பயணமும் சேர்ந்த பஸ்ஸில போங்கோ, நீங்களும் யன்னலால பாக்கலாம். வருசத்துக்கு 6000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யிற இடம் அது, மழையெண்டு மனம் சோர வேண்டாம், மழைக்குத்தான் அந்தப் பாறையெல்லாம் நூத்துக்கணக்கில அருவி இறங்கும்.

அவோராக்கியில ஒரு விசயம். 3724 மீட்டர் மலை, அந்த நாட்டில அதுதான் உயரம், அதின்ர காலடியில வைட் ஹோர்ஸ் ஹில் எண்டு இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ர முகாம் இருக்கு, மண் றோட்டு இல்லாம வானோட உள்ள போகலாம். அங்க இருந்து கியா பொயின்டுக்கு ஆறுதலா ஒரு மணித்தியாலத்தில போய் வரலாம், ஏத்தம் பெரிசில்லை. கியா எண்டுறது பச்சைக் கிளி, கோழி அளவு வரும், செட்டைக்குக் கீழ செம்மஞ்சள், வாகனத்து ரப்பரைக் கொத்திக் கிழிக்கிறதில கெட்டிக்காரர். எங்கட வானின்ர யன்னல் ரப்பரை ஒரு முழம் நீளத்துக்கு உரிச்சு எடுத்தவர். சாப்பாடு மட்டும் குடுத்திடாதேங்கோ, அதுகளுக்கு அது கூடாது. இரவில கட்டாயம் வெளியில வந்து பாருங்கோ. அந்த மக்கென்சிப் பக்கம் முழுக்க 2012 இல இருந்து இருள்வானக் காப்பகம், வெளிச்சத்துக்குக் கட்டுப்பாடு. நாங்கள் இங்க தலைக்கு மேல பாக்கிற மிருகசீரிடம் அங்க தலைகீழா நிக்கும், தெற்கால சிலுவை உயரத்தில. இவர் கம்பளியைப் போத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைக்காம நிண்டார்.

ஆனா சேர், எந்த இடத்தை வெட்டுறது எண்டு நான் சொன்னதை வச்சு முடிவெடுக்க வேண்டாம். உங்கட நீட்டுக் கேள்வியில டீச்சருக்கு என்ன பாக்க விருப்பம் எண்டு ஒரு வரியும் இல்லை. குறையாச் சொல்லேல்லை, எங்கட வீட்டிலயும் 2018 இல அப்பிடித்தான் நடந்தது, நானும் வாய் திறக்கேல்லை, எல்லாம் அவருக்குத் தெரியும் எண்டு இருந்திட்டன். 2024 இல வேற மாதிரிச் செய்தம். ரெண்டு பேரும் ரெண்டு கடதாசியில, ஒருத்தரை ஒருத்தர் பாக்காம, நாலு விருப்பம் எழுதினனாங்கள். இவர் நாலும் மலையும் அணைக்கட்டும். நான் எழுதினது ஓமாருவில பொழுதுபட்டாப் பிறகு கடலில இருந்து கரையேறி வாற குட்டி நீலப் பென்குயின், டனிடினில அல்பட்ரோஸ் பறவை, ஒரு நாள் முழுக்க ஒரு இடத்துக்கும் போகாம இருக்கிறது, பேந்து ஒரு நல்ல நூலகம். இவருக்கு அந்த மூண்டாவதை வாசிச்ச உடனதான் போன தரம் என்ன பிழைச்சது எண்டு விளங்கினது. நீங்களும் இதைச் செய்யுங்கோ. எட்டு விருப்பத்தையும் வரைபடத்தில குறிச்சால் பாதை தானா வரும்.

வான் எடுக்கிறதில எங்கட வயசுக்கு மூண்டே மூண்டு விசயந்தான் பெரிசு: டொயிலெட், படுக்கை, படி. பிரெஷருக்கு தண்ணி போகிற குளிசை எடுக்கிற ஆளும் சீனி வருத்தக்காரரும் இரவில ரெண்டு மூண்டு தரம் எழும்புவினம், எட்டுப் பாகை குளிரில ரோர்ச் அடிச்சுக்கொண்டு ஈரப் புல்லில பொது டொயிலெட்டுக்கு நடக்கிறதில விழுந்தால் இடுப்பெலும்பு, அதோட பயணம் முடிஞ்சுது. வானுக்குள்ள டொயிலெட் கட்டாயம். சட்டமும் அதுக்குப் பொருந்தி வருது, முகாமுக்கு வெளியில சும்மா நிப்பாட்டிப் படுக்கிற உரிமை 2011 சட்டத்தில இருக்கு, 2023 இல அதை இறுக்கினவை, ‘செல்ஃப் கொன்டெய்ன்ட்’ எண்டு பச்சை அடையாளம் எடுக்க வேணுமெண்டால் டொயிலெட் வாகனத்தோட பொருத்தியே இருக்க வேணும், கையால தூக்கிற பெட்டி சரிவராது, மூண்டு நாளைக்குத் தண்ணியும் கழிவும் தாங்க வேணும். படுக்கை எண்டால், ஒவ்வொரு இரவும் மேசையை இறக்கிக் குசனை அடுக்கிச் செய்யிற படுக்கை எடுக்காதேங்கோ, நாலாம் நாள் முதுகு போயிடும். எப்பவும் விரிச்சபடி இருக்கிறதா, ரெண்டு பக்கத்தாலயும் இறங்கக்கூடியதா பாருங்கோ, சுவர்ப்பக்கம் படுக்கிற ஆள் மற்ற ஆளுக்கு மேலால ஏறி இறங்கிறது மூண்டு மணிக்கு நல்லதில்லை. படி உயரம் எண்டால் ஒரு சின்ன ஸ்டூல் கேளுங்கோ. ஓட்டோ கியர் எடுங்கோ.

இனி மருந்து, இதை ஊண்டி வாசியுங்கோ. எங்கட கிளினிக்கில குளிசையை எண்ணி சின்னக் கடதாசி என்வலப்பில போட்டு, பேனையால காலமை ஒண்டு இரவு ஒண்டு எண்டு எழுதித் தருவினமே, அதை அப்பிடியே கொண்டு போகாதேங்கோ. நியூசிலாந்துக்குள்ள மூண்டு மாசத்துக்குக் காணுற மருந்து கொண்டு போகலாம், ஆனா மூலப் பெட்டியில, பேர் எழுதி, டொக்டரின்ர கடிதமோ துண்டோ வேணும். பயணத்துக்கு மட்டும் வெளி பாமசியில கார்ட்டா வாங்குங்கோ. கிளினிக் கொப்பியை ஒவ்வொரு பக்கமா போனில படம் எடுத்து மகளுக்கும் அனுப்பி வையுங்கோ. இன்சுலினும் ஊசியும் மீட்டரும் கைப்பையில, பிளேனுக்கு அடியில போடுற பெட்டியில ஒரு நாளும் இல்லை. பாதியா பிரிச்சு மற்றப் பாதியைச் சேர் உங்கட கைப்பையில வையுங்கோ.

வான் ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜ் மாதிரி இல்லை. 2024 இல டெக்காப்போவில ஒரு காலமை நான் இன்சுலின் பேனாவை எடுக்கிறன், பின் தட்டோட ஒட்டிக்கொண்டு இருக்கு, உள்ள மருந்து ஐஸ் கட்டிப் போச்சு. உறைஞ்ச இன்சுலினை உருக்கினாலும் பாவிக்கக்கூடாது, பாக்க ஒண்டும் வித்தியாசம் தெரியாது, ஆனா வேலை செய்யாது. மூண்டு பேனா எறிஞ்சன். மற்றப் பாதி நடுத்தட்டில துவாயால சுத்தின சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள இருந்தபடியா தப்பினம், இல்லாட்டி டொக்டரைத் தேடிப் போய் முழுக்காசும் குடுத்துத்தான் வாங்க வேணும், வெளிநாட்டு ஆக்களுக்கு அங்க சலுகை இல்லை. திறந்து பாவிக்கிற பேனாவை ஃபிரிட்ஜில வைக்கவே தேவையில்லை, 30 பாகைக்குக் கீழ இருந்தால் பெரும்பாலும் நாலு கிழமை இருக்கும், உங்கட பெட்டியில போட்டிருக்கிற கணக்கைப் பாருங்கோ. கிழக்கால பறக்கேக்க நாள் சுருங்கும், அண்டைக்கு எத்தினை யூனிட் எண்டுறதை வெளிக்கிட ஒரு மாசத்துக்கு முதல் கிளினிக் டொக்டரோட இருந்து எழுதி எடுங்கோ, இதை நானோ வேற ஆரோ எழுத்தில சொல்லக்கூடாது, டீச்சரின்ர அளவு தெரிஞ்ச ஆள்தான் சொல்ல வேணும். அங்க வழமையை விட நடப்பியள், சீனி இறங்கும், ரெண்டு பேரின்ர பொக்கெட்டிலயும் குளுக்கோசோ இனிப்போ இருக்கட்டும். கை நடுங்கி வேர்த்தால் எங்க இருக்கிறம் எண்டு பாக்காதேங்கோ, முதல்ல இனிப்பு. ஒவ்வொரு இரவும் டீச்சரின்ர பாதத்தை நீங்கள் ரோர்ச் பிடிச்சுப் பாருங்கோ, புதுச் சப்பாத்து கடிச்ச கொப்புளம் அவவுக்கு நோகாம இருக்கலாம்.

குளிர் எங்கட எதிரி இல்லை, உடுப்பு இருந்தால் சரி. எதிரி என்னெண்டால், குளிருதெண்டு யன்னல் எல்லாம் இறுக்கி மூடிட்டு காஸ் அடுப்பைப் பத்தவிட்டு வானைச் சூடாக்கிறது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையிலயே ஆள் போயிடும். சமைக்கேக்க கூரை யன்னல் திறந்திருக்க வேணும், சமையல் முடிய காஸை மூட வேணும், அலாரம் வேலை செய்யுதா எண்டு வான் எடுக்கிற அண்டைக்கே அமத்திப் பாக்க வேணும். வெயிலும் அப்பிடித்தான், சுடாது ஆனா எரிக்கும், புற ஊதாக் கதிர் அங்க கூட, நாங்கள் கறுத்த ஆக்கள் எண்டு விடாதேங்கோ, தொப்பியும் கிறீமும் போடுங்கோ. மேற்குக் கரையிலயும் டெ அனாப் பக்கமும் சாண்ட் ஃபிளை எண்டு கடுகு மாதிரிப் பூச்சி கணுக்காலைத் தேடிக் கடிக்கும், நுளம்பு மாதிரி இல்லை, இருட்டினால் போயிடும். நீட்டு மேஸ் போடுங்கோ, சீனி வருத்தக்காரர் சொறிஞ்சு புண்ணாக்கக் கூடாது.

விசா கட்டாயம் வேணும், விசிட்டர் விசா. ஆளுக்கு மாசம் ஒண்டுக்கு 1000 நியூசிலாந்து டொலர் காட்ட வேணும், தங்குமிடம் முன்கூட்டியே காசு கட்டியிருந்தால் 400 காணும், இல்லாட்டி மகள் பொறுப்பெடுக்கலாம். பாஸ்போட் திரும்புற நாளுக்குப் பிறகும் மூண்டு மாசம் இருக்க வேணும். திரும்பி வருவியள் எண்டுறதுக்கு பென்சன் கடிதமும் வீட்டு உறுதியும் வையுங்கோ. அங்க விபத்தில அடிபட்டால் வெளிநாட்டு ஆக்களுக்கும் ஏசிசி எண்டு அரசாங்கத் திட்டம் வைத்தியச் செலவைத் தாங்கும், அதை நம்பி இன்சூரன்ஸ் எடுக்காம விடுறவை இருக்கினம், அது விபத்துக்கு மட்டும், நெஞ்சு வலிக்கும் நிமோனியாவுக்கும் இல்லை. டீச்சரின்ர சீனியையும் பிரெஷரையும் மறைக்காம எழுதி, காசு கூடினாலும் அதையும் சேர்த்து எடுங்கோ. மறைச்சால் அந்த இன்சூரன்ஸ் இருந்தும் ஒண்டுதான் இல்லாட்டியும் ஒண்டுதான்.

செலவில தொகை நான் எழுதேல்லை, விலை மாசத்துக்கு மாசம் மாறுது. எது எதுக்குப் போகுது எண்டு மட்டும் சொல்லுறன். வான் வாடகை அரைவாசிக்கு மேல. நத்தாரில இருந்து ஜனவரி முடியும் வரைக்கும் உச்சம், மார்ச் நடுப்பகுதியில நல்லா இறங்கும், மகளுக்குச் சரிவருமெண்டால் மார்ச் 10 போல வானை எடுங்கோ. டீசல் வானுக்கு றோட்டுக் காசு கிலோமீட்டர் கணக்கில தனியா வரும், வாடகைக்காரர் கடைசியில சேர்ப்பினம், குறைய ஓடினால் அதுவும் குறையும். இன்னொண்டு, எங்கட ஆக்கள் மாட்டுற இடம்: வான் எடுக்கேக்க பிணைக்காசு கிரெடிட் கார்ட்டில பிடிச்சு வைப்பினம், எங்கட கார்ட்டுக்கு அவ்வளவு லிமிட் இருக்காது. முதல் தரம் நாங்கள் அந்தக் கவுன்டரில ரெண்டு மணித்தியாலம் நிண்டம். எவ்வளவு பிடிப்பியள், மகளின்ர கார்ட் எடுப்பியளா எண்டு எழுத்தில கேட்டு வையுங்கோ. காத்துக்குக் கதவு பிச்சுக்கொண்டு போனது, மண் றோட்டு, கூரை இடிச்சது இதெல்லாம் இன்சூரன்சுக்குள்ள வருதா எண்டும் கேளுங்கோ, கண்டபாட்டில கையெழுத்துப் போடாதேங்கோ. முகாமுக்கு, ரெண்டு இரவு திணைக்கள முகாம், ஒரு இரவு கரன்டோட ஹொலிடே பார்க் எண்டு மாத்தி மாத்தி நிண்டால் காசும் மிச்சம், உடுப்பும் தோய்க்கலாம், சுடுதண்ணியில முழுகலாம்.

லைசன்ஸுக்கு, எங்கட கார்ட்டில இங்கிலிசும் இருக்கு, அதோட கொழும்பில ஓட்டோமொபைல் அசோசியேசனில சர்வதேச அனுமதியும் எடுத்துக்கொண்டு போங்கோ. எங்கட கார் லைசன்ஸ் 3500 கிலோ வரைக்குந்தான், அதுக்குள்ள வாற வானா எடுங்கோ, ரெண்டு பேருக்கு அது தாராளம். இடப்பக்கம்தான் ஓட்டம், அதால பாதிப் பயம் இல்லை. ஒற்றைப் பாலங்கள் நிறைய வரும், சிவப்பு வட்டத்துக்குள்ள உங்கட பக்க அம்புக்குறி சின்னனா சிவப்பில இருந்தால் நீங்கள் நிண்டு விட வேணும், நீலப் பலகையில வெள்ளை அம்புக்குறி பெரிசா இருந்தால் உங்களுக்கு முன்னுரிமை. பின்னால வாகனம் சேர்ந்தால் ஒதுங்கி விடுங்கோ. ஒருத்தர் மட்டும் ஓடாம, டீச்சருக்கு ஓடத் தெரியுமெண்டால் அவவின்ர பேரையும் போடுங்கோ.

சாப்பாட்டுச் சாமான் எண்டால், எதைக் கொண்டு போனாலும் அங்க இறங்கேக்க சொல்லிப்போடுங்கோ. சொன்னால் ஆகக்கூடினால் எடுத்து வைப்பினம், சொல்லாம விட்டால் அந்த இடத்திலயே 400 டொலர் தண்டம். கறிவேப்பிலை, பழம், தேன் வேண்டாம். கடையில சீல் பண்ணின கறித்தூள் நாங்கள் ரெண்டு தரமும் சொல்லித்தான் கொண்டு போனனாங்கள், திறந்து பாத்திட்டு விட்டவை. 2018 இல இவற்ற அக்கா ஆசையில பையின்ர பக்கப் பொக்கெட்டில கறிவேப்பிலைக் கொத்து ஒண்டு செருகி விட்டிருக்கிறா, வரிசைக்கு முன்னால இருக்கிற தொட்டிக்குக் கிட்டப் போகேக்கதான் மணத்தில கண்டு பிடிச்சன், உடன போட்டுட்டன். மகளிட்டச் சொன்னால் கிரைஸ்ட்சர்ச்சில இந்தியன் கடையளில அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் டின் எல்லாம் எடுத்து வைப்பா. கருவாடு மட்டும் வானுக்குள்ள பொரிக்காதேங்கோ, மெத்தையில ஏறின மணம் போறதுக்குக் கிழமைக் கணக்கு, துப்பரவுக் காசும் கேப்பினம்.

இனி இங்க இருந்தே ஒத்திகை பாக்கலாம். காலமை வெயில் ஏற முதல் ரெண்டு பேரும் கோட்டை வாசலில இருந்து கோணேசர் கோயில் வரைக்கும் நடந்து ஏறி இறங்குங்கோ, மான்களைப் பாத்துப் பாத்துப் போகலாம். கதைச்சுக்கொண்டு ஏறினால் மூச்சு வாங்காம இருக்க வேணும், அது வந்தால் கியா பொயின்டும் வரும். இப்ப மூச்சு வாங்கினால் பயப்பிட வேண்டாம், தினமும் போனால் ரெண்டு மாசத்தில வரும், நெஞ்சு இறுகினால் மட்டும் நடையை நிப்பாட்டிட்டு டொக்டரிட்டப் போங்கோ. ரெண்டாவது, ஒரு வாடகை வானை எடுத்து நிலாவெளிப் பக்கம் தெரிஞ்ச ஆரின்டயும் வளவுக்குள்ள விட்டு ரெண்டு இரவு அதுக்குள்ள படுத்துப் பாருங்கோ. பட்டப்பகலில எல்லாம் வடிவா இருக்கும், ரெண்டு பேரும் ஒரே நேரத்தில எழும்பி ஒரே இடத்தில நிக்க வேண்டி வாறது காலமை அஞ்சரைக்குத்தான் தெரியும். எங்களுக்கு அதில வந்த முடிவு, முதல்ல நான் எழும்பித் தேத்தண்ணி போட்டு முடிய மட்டும் இவர் கட்டிலை விட்டு இறங்கிறேல்லை. ஏழு கிழமையும் அது பிசகேல்லை.

வானுக்குப் பதிலா கூடாரம் எண்டால் செலவு குறையுமோ எண்டும் கேட்டிருந்தனீங்கள். குறையும். ஆனா நிலத்தில இருந்து எழும்புறது, இரவு டொயிலெட், இன்சுலின் வைக்கிற இடம் மூண்டும் டீச்சருக்குக் கஷ்டம். ஆசையெண்டால் மகள் வீட்டுக் கடைசி மூண்டு நாளில ஒரு இரவு, மகளும் சேர்ந்து, பக்கத்து முகாம் ஒண்டில அடிச்சுப் பாருங்கோ. இந்தக் கிழமை ரெண்டு பாஸ்போட்டும் எப்ப முடியுது எண்டு பாருங்கோ, டீச்சரிட்ட ஒரு கடதாசியும் பேனையும் குடுங்கோ. அவ எழுதின நாலையும் இங்க போட்டியள் எண்டால் எந்த முகாமில எத்தினை இரவு எண்டு இவரும் நானும் இருந்து பாத்துச் சொல்லுறம்.